மூன்றாவது மாடல்

"காதுல வச்சா வெளியே இடி விழுந்தாலும் கேக்கப்பிடாது. அப்படி ஒண்ணு இருந்தா எடுத்து வையி. இல்லேண்ணா இல்லேண்ணு சொல்லு, நான் போறேன்."

ரீத்தா கத்தித்தான் சொன்னாள். கத்தாமல் சொல்லியிருந்தால் மொபைல் கடை டைட்டஸுக்குக் கேட்டிருக்காது. வாசல் மின்கம்பத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் கடைக்குள்ளேயே வாயை நீட்டிக்கொண்டிருந்தன. மாதா கோயில் திருவிழாவுக்கு அன்று நாலாம் நாள். பக்தி ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாதென்று தெருவுக்குத் தெரு குழாய் கட்டியிருந்தார்கள். தூங்குகிறவர்களுக்கும் சலுகை கிடையாது.

"யாருக்குக்கா? உங்களுக்கா?"

"எனக்கு என்னத்துக்கு? எனக்க வீட்டுக்காரரு பேச்சையே தாங்கின காது இது. எனக்க மவ ஷிபாவுக்கு மக்கா. நர்ஸு பிள்ள லண்டனுக்குப் போகணும்ணா இங்கிலீஷ் பரீட்ச பாஸாகணுமாம். வாற சனிக்கிழம திருவனந்தபுரத்துல பரீட்ச. அதுல ஒரு பேப்பரு காதால கேட்டு எழுதணும். போன தடவ அதுலதான் அர மார்க்குல போச்சு. லீவு போட்டு வீட்டுல இருந்து படிக்கலாம்ணு வந்தா, சன்னலுக்கு நேரா தென்னையில நாலு குழாய்! வெள்ளக்காரன் குட் மார்னிங் சொல்லி முடிக்கல, இவன் செண்ட மேளம் அடிக்கான்."

"ஐயோ பாவம்" என்று டைட்டஸ் உச்சுக் கொட்டினான்.

"இந்தத் தடவயும் போச்சுண்ணா அவ்வளவுதான். நேத்து அழுதுகிட்டே சோறு தின்னா. பாத்துக்கிட்டு இருக்க முடியல எனக்கு."

டைட்டஸ் அவசரமாக ஒரு பெட்டியைத் திறந்தான். "இது முதல் மாடல். ஸ்பாஞ்சு வச்சது. மடக்கி பேக்ல போட்டுக்கிடலாம்."

ரீத்தா விவரமானவள். மகளுடைய போனையே கொண்டு வந்திருந்தாள். அதில் வெள்ளைக்காரன் பாடத்தை ஓடவிட்டு, ஹெட்போனைக் கொண்டைக்கு மேல் மாட்டி, நேராகப் போய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றாள். திரும்பி வந்து கழற்றி மேஜையில் வைத்தாள்.

"வெள்ளக்காரனும் பேசுகான், பாட்டும் ஒரு எழுத்து பிசகாம கேக்கு. இதுக்கு ரெண்டு காதுலயும் வட்டயப்பத்த வச்சுக் கெட்டினா இதவிட நல்லா அடைக்கும்."

"அப்ப இதப் பாருங்க. ரெண்டாவது மாடல். முந்நூறு ரூவா கூடுதல்."

"அதுக்கும் இதுக்கும் என்னலே வித்தியாசம்?"

"அது கறுப்பு வயரு. இது செவப்பு வயரு."

"லே டைட்டஸே, செவுள் செவப்பா இருந்தா மீனுக்குக் கூடுதல் குடுக்கலாம். வயரு செவப்பா இருந்தா எதுக்குலே குடுக்கணும்?"

இருந்தாலும் மாட்டிப் பார்த்தாள். அதே வெள்ளைக்காரன், அதே செண்டை மேளம். முந்நூறு ரூபாய்க்கு மேளம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

ரீத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லா வருசமும் கோயில சுத்தித்தான் குழாய் இருக்கும். இந்த வருசம் எவன்லே ஊரு பூரா கெட்டச் சொல்லி ரூவா குடுத்தது? நோட்டீஸ்ல ஆளுக்கு ஆள் பேரு போட்டிருக்கு. இதுக்கு மட்டும் 'பெயர் சொல்ல விரும்பாத நல்ல உள்ளம்'. பேரச் சொன்னா அடி விழும்ணு தெரியும் போல."

"எவனாவது கல்ஃப்காரனா இருக்கும்க்கா. அவன் அங்க ஏ.சி.யில சுகமா கிடப்பான். இந்தச் சத்தப் பெகளத்த அனுபவிக்கது நாம. கடையில ஒரு போன் பேச முடியுதா எனக்கு?"

"பேரு மட்டும் தெரியட்டும். அவனுக்க கட்டிலுக்கு மேல ரெண்டு குழாய் கெட்டல, எனக்க பேரு ரீத்தா இல்ல."

"கெட்டணும்க்கா. கண்டிப்பா கெட்டணும்" என்றான் டைட்டஸ். பிறகு கொஞ்சம் யோசிப்பவன் போல நின்றுவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை எடுத்தான். "வில கூடுதலாச்சேண்ணு காட்டாம இருந்தேன். மூணாவது மாடல். மெத்த மாதிரி அமுங்கி காத மூடிரும். அம்பது வந்துது, இனி ரெண்டுதான் இருக்கு. பிள்ளபெத்துக் கிடக்க ஜெனிலாவுக்கு ஒண்ணு, ஹெட்மாஸ்டருக்கு ஒண்ணுண்ணு நாலு நாள்ல பறந்து போச்சு."

"வில?"

அவன் சொன்ன விலைக்கு ரீத்தா நெஞ்சில் கைவைத்தாள். ஆனால் நேற்று ஷிபா அழுதது நினைவுக்கு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரனை முழுச் சத்தத்தில் வைத்து, மறுபடியும் ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றாள்.

செண்டை மேளம் சட்டென்று நின்றது. குழாய் கரகரத்தது.

"இறைமக்களின் கவனத்திற்கு! தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் எவ்வளவோ கேட்டுக்கொண்டாலும், நன்றி சொல்லாமல் இருக்க எங்களால் முடியவில்லை. இந்த ஆண்டு குழாய்களை எட்டிலிருந்து நாற்பதாகக் கூட்டச் சொல்லி, பத்து நாள் செலவையும் தானே ஏற்றுக்கொண்ட நல்ல உள்ளம், நமது ஜங்ஷன் மொபைல் கடை உரிமையாளர் திரு. டைட்டஸ் அவர்களுக்கு..."

டைட்டஸின் கையிலிருந்து பில் புத்தகம் நழுவி விழுந்தது.

ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்ற ரீத்தா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள்.

"வெளியே ஒரு எளவும் கேக்கல மக்கா! இதையே பொதிஞ்சு குடு. அந்தக் குழாய் கெட்டினவன் நாசமாப் போவான், நீ நல்லா இருப்ப!"