மூன்றாம் தரம்

பெரிய நாடுகள் மட்டுமே உட்கார்ந்திருந்த உலகக் கடல் அவையில் ஒவ்வொரு கரைக்கும் ஒரு நாற்காலி என்று ஆனபிறகு, தலைமைப் பொறுப்பு முறைவைத்துச் சுற்றிவந்து இந்த மாதம் மூக்கையூர் மீன் ஏலக்காரி ஜெசிந்தாவிடம் வந்தது. அவள் ஏலக்கூடத்தில் திரையை மாட்டி, அங்கிருந்தே கூட்டத்தை நடத்தினாள்.

மன்னார் வளைகுடாவின் அடியைத் தோண்டும் கப்பலை வெளியேற்றும் தீர்மானம் அது. இருபத்துநான்கு கரைகளில் பத்தொன்பது கை தூக்கியாயிற்று. கப்பல்கார நாட்டின் பிரதிநிதி மட்டும் பதினோரு வருடமாகச் சொல்வதையே சொன்னார்: "யோசிக்க ஆறு வாரம் வேண்டும்." முந்தைய தலைவர்கள் எல்லாரும் அதற்குத் தலையாட்டியவர்கள்.

"ஆறு வாரத்துல மீனு நாறிப்போகும்யா," என்றாள் ஜெசிந்தா. "இங்க யோசிக்க மூணு தரந்தான். ஒரு தரம்!"

பிரதிநிதி அவசரமாக யாருக்கோ போன் போட்டார்.

"ரெண்டு தரம்!"

மீன் வாங்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்து நின்றார்கள்.

"மூணு தரம்! முடிஞ்சுது." மேசையில் ஓங்கி ஒரு தட்டு.

அன்று மதியமே கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. கரையெல்லாம் குலவைச் சத்தம். ஜெசிந்தா சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஏலம் முடிந்த சரக்கை அவள் என்றைக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்?