கள்ளிச்செடிக்கு வைத்தியம்

கள்ளிச்செடி ஜன்னல் பக்கமாக இரண்டு விரற்கடை சாய்ந்திருந்தது. கப்பலூர் பட்டறையிலிருந்து கொண்டு வந்த தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அழகுராஜா மறுபடியும் அளந்து பார்த்தான். சந்தேகமே இல்லை. நேற்று ஒன்றரைதான்.

"இந்த அக்கறையைப் பட்டறையில காட்டியிருந்தா இந்நேரம் இன்னொரு லேத்து வாங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி முனீஸ்வரி. "முள்ளுச் செடியை நடுவீட்டுல வைக்காதீகன்னு சொன்னேன், கேட்டீகளா? கீழ விழுகட்டும், அன்னைக்கே குப்பை வண்டியில ஏத்திருவேன்."

அழகுராஜா தொட்டியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தான். செடி போனால் போகட்டும். அதன் வேருக்கு அடியில் ஒரு காபி டப்பா இருந்தது. டப்பாவுக்குள் அவன் அம்மாவின் பதினெட்டுப் பவுன் இருந்தது.

"என் நகை அம்புட்டும் மகளுக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். ஊர் வழக்கமும் அதுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கை முத்துமீனாவிடம் நகையைக் கொடுப்பதாகப் பேச்சு.

பதினாலாம் நாள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது.

பின்கதவை நெம்பியதும் அழகுராஜாதான், போலீசுக்குப் போன் செய்ததும் அவன்தான். அழகர்கோவில் ரோட்டு நர்சரியில் முந்தின நாளே கள்ளிச்செடி வாங்கியாயிற்று. வந்த போலீஸ்காரர்கள் பீரோ, பரண், அரிசி டிரம் வரை கிளறினார்கள். முள்ளுக்குள் யாரும் கையை விடவில்லை.

கேஸ் முடிகிறவரை டப்பாவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தான். செடிதான் ஒத்துழைக்கவில்லை. இரண்டே மாதத்தில் அடித்தண்டு பழுத்துச் சாய ஆரம்பித்தது.

அவனுக்குத் தெரிந்து செடி கொடி விவரம் அறிந்த ஆள் ஒருத்திதான். மேலூரில் மொட்டை மாடி முழுக்கத் தொட்டி வைத்திருக்கும் முத்துமீனா. நகை போனதற்கு ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசாத தங்கை. தைரியமாகப் போன் போட்டான்.

"தண்ணி எம்புட்டுண்ணே ஊத்துறே?"

"தெனம் ஒரு சொம்பு."

"அது கள்ளி, கன்னுக்குட்டி இல்ல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தம்ளர் போதும்."

நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டான். அடுத்த வாரம், தொட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் சுற்றுத் திருப்பி வைக்கச் சொன்னாள். ஒரே பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கமே சாயுமாம். திருப்பினான். அதற்கடுத்த வாரம், குச்சி நட்டுத் துணிநாடாவால் கட்டச் சொன்னாள். கட்டினான். செடி குச்சியையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது.

"அப்ப வேர்லதான் கோளாறு" என்றாள் முத்துமீனா. "நான் வாரேன். பேப்பரை மடிச்சுச் சுத்திப் பிடிச்சா முள்ளு குத்தாது. அப்படியே தூக்கி, அடியில என்னன்னு பார்த்துருவோம். அஞ்சு நிமிச வேலை."

"தொடாதே" என்றான் அழகுராஜா. குரல் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. "அதாவது... பிடுங்கினா செத்துரும்னு நர்சரிக்காரன் சொன்னான்."

"நர்சரிக்காரனா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டாள் முத்துமீனா.

"சரிண்ணே, உன் இஷ்டம்."

அந்த வியாழக்கிழமையே முத்துமீனா வந்தாள். மகள் சத்யப்ரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்குத்தானே முதல் பத்திரிகை. கூடவே, செடி மண்ணுக்கு மேல் தூவ மேலூர்க் கல்லுப் பொடி ஒரு பை. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிய நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன்: ஒரு கையெழுத்துப் போட உடனே வர வேண்டும். அரை மனதோடு கிளம்பினான்.

திரும்பி வந்தபோது தங்கை போய்விட்டாள். முதல் வேலையாகத் தொட்டியைப் பார்த்தான். மண்மேல் கல்லுப் பொடி கோலம் போட்டதுபோல் பரவிக் கிடந்தது. குச்சியும் கட்டும் அப்படியே இருந்தன. மூச்சு வந்தது.

"இன்னைக்குப் பேப்பரை எங்க காணோம்?"

"மீனா முருங்கைக்கீரையை அதுல சுத்திக்கிட்டுப் போயிட்டா. நான் கடைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள கொல்லையில அவளே பறிச்சு வச்சிருந்தா" என்றாள் முனீஸ்வரி.

ஒரே மாதத்தில் கள்ளி தெளிந்துவிட்டது. குச்சியை எடுத்த பிறகும் நிமிர்ந்து நின்றது. உச்சியில் பச்சையாக ஒரு முடிச்சு. தூக்குக்குண்டு நூல் தண்டை ஒட்டி இறங்கியது. அழகுராஜா பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கள்ளி வளர்ப்புப் பாடம் எடுத்தான்.

நகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்டேஷனிலிருந்து காகிதமும் வந்தது. கல்யாணம் கழிந்ததும் டப்பாவை எடுத்துவிடலாம்.

மேலூர் மண்டபத்துக்குப் பழத்தட்டு ஐந்து, பட்டுச்சேலை ஒன்று எனச் சீர் கொண்டு போனான். "திருட்டுப் பய மட்டும் வராம இருந்திருந்தா என் மருமகளை எப்படி அனுப்பியிருப்பேன்" என்று எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டான்.

மணப்பெண் மேடைக்கு வந்தாள். கழுத்தில் அவன் அம்மாவின் காசுமாலை, அட்டிகை. கையில் கெட்டிக்காப்பு.

மைக் முழங்கியது. "தாய்மாமன் அழகுராஜா சீர், பதினெட்டுப் பவுன்."

பெரிய மாமா தங்கப்பாண்டி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "போன நகைக்கு ஈடா அதே மாதிரி செஞ்சு போட்டுட்டியே மாப்ள. தாய்மாமன்னா நீதான்யா."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அழகுராஜா கும்பிட்டபடி சிரித்தான். வேறு என்ன செய்வது?

சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் வந்த முத்துமீனா குரலைத் தாழ்த்தினாள்.

"கள்ளி இப்ப நேரா நிக்குதாண்ணே?"

"நிக்குது."

"தண்ணி வடியுற ஓட்டையை அந்த டப்பாதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."