முழுசாக ஒடித்தால்

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்டும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று ஜெபசீலி சொல்லத் தொடங்கி ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வளைவில் தினமும் திருப்புகிறவள் அவள்தான். ஆனால் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் சாவியை அவள் புருஷன் எட்வினிடம் வாங்கி, அவனையே பக்கத்தில் உட்காரவைத்து, நேராகக் கிடந்த நான்குவழிச் சாலையில் போய்விட்டு வந்தார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வண்டி வெண்ணெயா வழுக்குது." எட்வின் சிரித்தான். "அப்போ இவ காதைத்தான் கழட்டிப் பாக்கணும்வே." ஜெபசீலி சாவியைப் பிடுங்கி, எட்வினைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டுக்கு அவளே ஓட்டினாள். வழியில் காலியாகக் கிடந்த சர்ச் மைதானத்துக்குள் காரை விட்டு, ஸ்டியரிங்கை இடப்பக்கம் முட்டும்வரை ஒடித்து வட்டமடித்தாள். டக், டக், டக். வேகம் கூடக் கூடச் சத்தம் நெருங்கியது. அதிர்வு அவள் பாதத்தில் ஏறியது, அவன் பாதத்திலும் ஏறியிருக்கும். "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? நிப்பாட்டு." "கேக்குதா?" அவன் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். புழுதி கண்ணாடியை மூடியது. அவள் இன்னும் மிதித்தாள். "கேக்குது, கேக்குது! நாளைக்கே ஆக்சிலை மாத்திருவோம், நிப்பாட்டுட்டி." "எந்தப் பக்கம்?" "அது எனக்கு எப்படித் தெரியும்?" பிரேக்கைத் தொடாமலே அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முட்டும்வரை ஒடித்தாள். "நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."