ஈரம் காட்டிய கொக்கு

வயலுக்குள் ஒரு பொக்லைன் வந்து இறங்கியதாம். அது ஒரு வாளி மண்ணைப் புரட்டினால் நூறு புழு நெளியும். கூட்டில் இரண்டு குஞ்சு வைத்திருந்த கொக்குக்கு ஒரே கொண்டாட்டம்.

"அண்ணே, அங்கே வறண்டு கிடக்கு. இப்படி வாங்க, நல்ல ஈரம்" என்று தினமும் முன்னே நடந்து காட்டியது.

"செல்போன் கம்பெனி வருது, ஆயிரம் பேருக்கு வேலை. முதல் ஆள் நீதான் தங்கச்சி" என்றது பொக்லைன்.

குஞ்சுகள் கொழுத்தன. சிறகு முளைத்து இரை தேட முதன்முதலாக இறங்கிய நாளில், கீழே கம்பெனியின் சிமென்ட் தரை. கொத்திய அலகு வலித்தது.

"எங்கேம்மா கொத்துறது?"

கொக்கு திரும்பிப் பார்த்தது. பொக்லைன் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

"பக்கத்து ஊர் வயலுக்குப் போறேன். வர்றியா தங்கச்சி?"

"வாங்கடா" என்றது கொக்கு, குஞ்சுகளின் முகத்தைப் பார்க்காமல். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் பறந்தது.