பொன்னாச்சி சொன்ன பதில்

எள்ளுத்தாத்தா மருதையனுக்கு நினைவுக்கல் தயாராகிவிட்டது. ‘பர்மாப் போரில் வீரமரணம்’ என்று வெட்டியாயிற்று, தேதிதான் பாக்கி. அதைத் தேடி அமிர்தவல்லி ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். பட்டாளப் பதிவேட்டில் சாவே இல்லை. மனுஷன் சண்டை முடிந்து ரங்கூனிலேயே தங்கி, 1902 வரை பென்ஷன் வாங்கியிருந்தார். வருஷா வருஷம் கைநாட்டு வைத்து, ‘மனைவி பொன்னாச்சி, ஊரில் உயிருடன்’ என்று எழுதவும் வைத்திருந்தார்.

ஊரில் பழைய கணக்குப்பிள்ளை வீட்டில் தப்பிக் கிடந்த 1891ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் பொன்னாச்சியும் இருந்தாள். வயது முப்பத்தாறு, பிள்ளைகள் மூன்று, விதவை.

அமிர்தவல்லி அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“செத்துட்டார்னு யாராவது சொல்லியிருப்பாங்க. நம்பிட்டா, பாவம்,” என்றார் அண்ணன்.

“இல்லண்ணே. பட்டாளப் பதிவேட்டுப்படி அவரோட போன ரெண்டு பேர் திரும்பி வந்திருக்காங்க. இதே கணக்குல அடுத்த வீட்டுலதான் இருக்காங்க.”



“அப்போ தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா,” என்றார் அண்ணன்.

“கணக்கெடுக்க வந்தவன் கேட்டிருப்பான். இவ பதில் சொல்லியிருக்கா.”

“கல்லை என்னம்மா பண்றது? கல்தச்சன் உளியோட நிக்கிறான்.”

அமிர்தவல்லி கணக்கின் அந்தப் பக்கத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

“வீரமரணத்தை எடுத்துடச் சொல்லுங்க. கணக்கெடுத்த தேதி இதுல இருக்கு. அதையே செத்த தேதியா வெட்டச் சொல்லுங்க.”

மறுமுனையில் அண்ணன் தச்சனைக் கூப்பிடுவது கேட்டது.