மூன்று லொறி இருமல் பாணி

"காட்டிக் கொடுத்தது இவதான், நானா. வேற ஆருக்குத் தெரியும்?"

மருந்துக் கம்பனியின் பணிப்பாளர் கூட்டத்தில் ஸுஹைப் மூத்த சகோதரரிடம் சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். எதிரே கணக்காளர் ஃபஹ்மியா நின்றாள்.

விஷயம் இதுதான். மார்ச் முப்பத்தோராம் திகதி, கணக்கு வருடத்தின் கடைசி நாள், விற்காத இருமல் மருந்துப் பாணி மூன்று லொறியில் மதுரங்குளித் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது. போன இடம் கடையல்ல. நுரைச்சோலையில் ஸுஹைப் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்டோர். லொறி கேற்றைத் தாண்டியதும் 'விற்பனை' என்று கணக்கில் ஏற்றினார்கள். நட்டத்தில் கிடந்த வருடம் இலாபத்தில் முடிந்தது. அதைக் காட்டி வங்கியில் கடனும் கேட்டாயிற்று. ஏப்ரல் நடுவில் அதே லொறிகள் அதே பாணியோடு திரும்பி வந்தன.

யாரோ கணக்காய்வாளருக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள்.

"நான் எழுதல்ல சேர். வேணாமெண்டு அண்டைக்கே உங்கட முகத்துக்கு நேர சொன்னேன்."

"முகத்துக்கு நேர சொன்னவக்கு முதுகுக்குப் பின்னால சொல்ல எவ்வளவு நேரம்?"

மற்றப் பணிப்பாளர்கள் சிரித்தார்கள்.

ஃபஹ்மியா தலைவர் நஸீம் ஹாஜியாரைப் பார்த்தாள். ஸுஹைபின் மூத்த சகோதரர். அந்தக் கணக்கில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். இப்போது பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மகள், ஒரு ராஜினாமாக் கடிதம் அடிச்சிட்டு வாங்க," என்றார். "காரணம் பொய்க் கணக்கு எண்டே போடுங்க."

இந்தப் பழியோடு போனால் புத்தளத்தில் யார் வேலை தருவார்கள்? வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான். இவரும் இவ்வளவுதானா என்று மனம் கசந்தது.

ஆனாலும் அவர் சொன்னபடியே அடித்தாள். பொய் யாருடையது என்று வாசிக்கிறவர்கள் கேட்கட்டும்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை நிதானமாக வாசித்தார்.

"எல்லாம் சரி மகள். பேர் மட்டும் பிழை."

அவள் பெயரை வெட்டி, மேலே தன் பெயரை எழுதினார்.

"கையெழுத்து வச்சவனும் நான். கணக்காய்வாளருக்கு எழுதினவனும் நான்."