இன்னொரு தடவை

“அந்த மதகுக்காரனை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் வருவேன்” என்று படகுக்காரர் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“புகாரை மேலதிகாரிகிட்ட குடுத்துட்டு வாங்க, போதும். கையை கிய்யை நீட்டிடாதீங்க” என்றாள் மனைவி.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

கால்வாயில் போன சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் மாறிவிட்டது. சும்மா கிடந்த இரண்டு நிலக்கரிப் படகுகளை வாங்கி, தேய்த்துக் கழுவி, கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டி, ‘ஒரு வாரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள்’ என்று வாடகைக்கு விட்டார்.

“கரி மூட்டை போன படகுல மனுஷன் காசு குடுத்துப் போவானா?” என்று ஊரே சிரித்தது.

போனார்கள். போனவர்கள் சொல்லி இன்னும் பலர் வந்தார்கள். இந்த வருஷம் படகுக்காரருக்கு உட்கார நேரமில்லை.

எல்லாம் நன்றாகப் போகும்போது மதகுக்காரர் குறுக்கே நின்றார்.

கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில்தான் அவருடைய மதகு. இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை வடித்தால் படகு கீழே இறங்கும். நிரப்பினால் மேலே ஏறும். கதவைத் திறந்து மூடுவதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் அவர் விட்டால்தானே?

“கயிறைத் தொளதொளன்னு பிடிச்சீங்க. மேலே போயிட்டு மறுபடியும் இறங்குங்க” என்பார். அடுத்த முறை, “படகு மூக்கு கதவுல இடிச்சுது. இன்னொரு தடவை.”

புதுசாகக் கல்யாணமான ஜோடி என்றும் பார்ப்பதில்லை, பென்ஷன் வாங்குகிறவர் என்றும் பார்ப்பதில்லை. போகும்போது மூன்று தடவை, திரும்பும்போது மூன்று தடவை.

‘உல்லாசமாக இருக்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா?’ என்று இதுவரை நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. இப்படியே போனால் அடுத்த வருஷம் ஈ காக்கை வராது. வீட்டில் அடுப்பெரிவதே இந்த இரண்டு படகுகளால்தான்.

படகுக்காரர் போய்ச் சேர்ந்தபோது, மதகில் அவருடைய படகே நின்றிருந்தது. உள்ளே ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் அவர் மனைவியும்.

“சரியில்லை சார், இன்னொரு தடவை” என்றார் மதகுக்காரர்.

“முப்பது வருஷமா பசங்களை இம்போசிஷன் எழுத வெச்சீங்கல்ல, அனுபவிங்க” என்றாள் தலைமை ஆசிரியரின் மனைவி.

படகுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மதகு அறைக்குள் நுழைந்தார். அங்கே மேஜையில் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் கால்வாய் அலுவலக அதிகாரி. இந்தப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். தேடிப் போக வேண்டிய ஆளே எதிரில் இருக்கவும், படகுக்காரர் சந்தோஷமாகப் புகாரைச் சட்டைப் பையிலிருந்து உருவினார்.

“ஒரு நிமிஷம் இருங்க, கூட்டிட்டு இருக்கேன்” என்றார் அதிகாரி. “வருஷத்துக்கு ஐந்நூறு தடவையாவது படகு போகாத மதகை மூடிடணும், கால்வாயைத் தூர்த்து ரோடு போடணும்னு மேலிடத்து உத்தரவு. இன்னிக்கோட வருஷம் முடியுது. இங்கே எவ்வளவுன்னா… ஐந்நூத்திப் பன்னெண்டு.”

படகுக்காரருக்குச் சுருக்கென்றது. இருப்பதே இரண்டு படகு. ஒழுங்காக ஒரு தடவை போய் ஒரு தடவை வந்திருந்தால், இருநூறைத் தொட்டிருந்தாலே பெரிய விஷயம். ஜன்னல் வழியாகப் பார்த்தார். தலைமை ஆசிரியரை மதகுக்காரர் மறுபடியும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆளை என்னென்ன திட்டியிருக்கிறோம் என்று நினைத்ததும் படகுக்காரருக்கு வெட்கமாகப் போயிற்று.

“என்ன லெட்டர் அது?”

“மளிகைச் சீட்டு சார்” என்று பைக்குள் திணித்தார்.

“மதகுக்காரர் மேல புகார் ஏதாவது உண்டா?”

“சேச்சே. தங்கமான மனுஷன் சார்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “போன மாசம் நானும் என் சம்சாரமும் உங்க படகுலதான் வந்தோம். உங்க வீட்டம்மாதான் சாவி குடுத்தாங்க. நான் யாருன்னு மதகுக்காரருக்கும் தெரியாது. எங்களையும் மூணு தடவை இறக்கினார்.”

எல்லாம் போச்சு.

“எதுக்கு சார்?” என்றார் ஈனமான குரலில்.

“படகு மூக்கு கதவுல இடிச்சுதாம்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். ‘மூட வேண்டியதில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மூடிவைத்தார்.

“எங்க அப்பா நிலக்கரிப் படகு ஓட்டினவர். நான் பிறந்து வளர்ந்ததே படகுலதான். இன்னிக்கு வரைக்கும் நான் ஓட்டின படகு எந்தக் கதவுலயும் இடிச்சதில்லை.”